அக்காவா, தங்கையா?

இயேசு சொந்த ஊருக்குத் திரும்பி வருகிறார். ஜெபக்கூடத்தில் போதிக்கிறார். கேட்டவர்களுக்கு வியப்பு, அதோடு எரிச்சல். நம் கண் முன்னால் வளர்ந்த தச்சன், இவனுக்கு இந்தப் பேச்செல்லாம் எங்கிருந்து வந்தது என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். அவர் வீட்டாரை ஒவ்வொருவராகச் சொல்லிக் காட்டுகிறார்கள். தாய் மரியா. சகோதரர்கள் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன். அதற்குப் பிறகு, சகோதரிகளும் இங்கேதான் நம்மோடு இருக்கிறார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். மாற்கு நற்செய்தி, 6ஆம் அதிகாரம், 3ஆம் வசனம். மத்தேயு 13ஆம் அதிகாரத்திலும் இதே காட்சி உண்டு. நான்கு ஆண்களுக்கு நான்கு பெயர்கள். பெண்களுக்கு ஒரு பன்மை விகுதி.

நம் மொழியில் ஒரு வசதியும் அதனாலேயே ஒரு சங்கடமும் இருக்கிறது. உடன்பிறந்தவளைச் சொல்ல வேண்டுமென்றால் அவள் மூத்தவளா இளையவளா என்று தெரிந்திருக்க வேண்டும். அக்கா என்போம், இல்லையென்றால் தங்கை என்போம். பேச்சுத் தமிழில் நடுவே வேறு சொல் கிடையாது. தமிழ் விவிலியங்கள் இந்த இடத்தில் ‘சகோதரிகள்’ என்ற சொல்லை வைத்துக் கடந்துவிடுகின்றன. கிரேக்க மூலத்தில் வயது இல்லை. மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, இயேசுவுக்கு இருந்தது அக்காவா தங்கையா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புகுந்தால் 1600 ஆண்டுச் சண்டை ஒன்றுக்குள் கால் வைக்க வேண்டும். அந்தச் சண்டை மரியாவின் கருப்பையைப் பற்றியது. மகள்களைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. என் வழக்கு இதுதான்: இயேசுவின் குடும்பம் பற்றிய வரலாற்றுக் கேள்வியைத் திருச்சபை ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய கேள்வியாக மாற்றியது. அப்படி மாற்றியதில் அந்த வீட்டின் மற்றப் பெண்கள் எல்லோரும் காணாமல் போனார்கள்.

முதலில், அவர்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? மாற்கு பன்மையில் சொல்கிறார். ஆகவே குறைந்தது இரண்டு பேர். மத்தேயு அதோடு ‘எல்லோரும்’ என்ற சொல்லைச் சேர்க்கிறார். இருவரை ‘எல்லோரும்’ என்பது இயல்பான பேச்சாக இல்லை. மூவரோ அதற்கு மேலோ இருந்திருக்கலாம். அவர்கள் நாசரேத்தில் வாழ்ந்தார்கள். அன்றைய நாசரேத் சில நூறு பேர் வாழ்ந்த சிற்றூர். யூதப் பெண்களுக்கு இளம் வயதிலேயே மணம் முடிந்துவிடும் காலம் அது. ஊரார் ‘இங்கே நம்மோடு’ என்று கை காட்டுவதைப் பார்த்தால், அவர்கள் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு, அந்தத் தெருக்களிலேயே தண்ணீர் சுமந்து, மாவரைத்துக் குடும்பம் நடத்தியவர்கள் என்று ஊகிப்பதில் தவறில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அந்த நாளில் ஊரே இயேசுமீது சினந்தது. லூக்காவின்படி, அவரை மலை விளிம்பிலிருந்து தள்ளிவிடவும் துணிந்தது. அவர் ஊரை விட்டுப் போய்விட்டார். தாயும் சகோதரர்களும் பின்னால் எருசலேமில் இருப்பதாகத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. சகோதரிகள் என்ன ஆனார்கள் என்று எந்த நூலும் சொல்லவில்லை. அண்ணனோ தம்பியோ ஊரைப் பகைத்துக்கொண்டு போகலாம். அதே ஊரில் கணவன், மாமியார், பிள்ளைகள் என்று வாழ்க்கைப்பட்டவள் எங்கே போவாள்? மறுநாள் காலை கிணற்றடிக்கு அவள்தானே போக வேண்டும்?

பெயர் சொல்லாததற்கு ஒரு சமாதானம் உண்டு. பழைய காலத்து நூல்களில் பெண்களின் பெயர் வருவது அரிது, இதைப் போய்ப் பெரிதாக்குவானேன் என்பார்கள். நற்செய்தி நூல்களே இந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. மகதலா மரியா, கூசாவின் மனைவி யோவன்னா, சூசன்னா, சலோமே, மார்த்தா என்று எத்தனையோ பெண்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. சிலுவையைச் சிறிது தூரம் சுமந்த சிரேன் ஊர் சீமோனின் இரண்டு மகன்களின் பெயரைக்கூட மாற்கு சொல்கிறார்: அலெக்சாந்தர், ரூபு. தலைமைக் குருவின் வேலைக்காரனுக்குக் காது வெட்டுப்பட்டது. அவன் பெயர் மால்கு என்று யோவான் எழுதி வைத்திருக்கிறார். காது அறுபட்ட வேலைக்காரனின் பெயர் நினைவில் நின்றிருக்கிறது. கூடப் பிறந்தவளின் பெயர் நிற்கவில்லை.

அறிஞர்கள் இதற்கு இன்னும் கூர்மையான ஒரு காரணம் சொல்கிறார்கள். தொடக்கத் திருச்சபைக்குத் தெரிந்தவர்களின் பெயர்கள் தங்கின, தெரியாதவர்களின் பெயர்கள் உதிர்ந்தன என்கிறார்கள். யாக்கோபு எருசலேம் சபையின் தலைவர். பவுல் அவரை நேரில் கண்டதாகக் கலாத்தியருக்கு எழுதுகிறார். கி.பி. 62இல் அவர் கல்லெறியப்பட்டு இறந்ததை யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் பதிவு செய்திருக்கிறார். ஆண்டவரின் சகோதரர்கள் மனைவிகளோடு ஊர் ஊராகப் போனார்கள் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் பவுல் சொல்கிறார். அந்த மனைவிகளுக்கும் பெயர் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனால் இதை ஒரு சமாதானமாகச் சொல்பவர்கள், தாங்கள் ஒப்புக்கொள்வது என்ன என்று கவனிக்க வேண்டும். பொறுப்பு தரப்பட்டவனுக்குப் பெயர் இருந்தது. பொறுப்பு தரப்படாதவளுக்குப் பெயர் இல்லை. இது குற்றச்சாட்டுக்குப் பதில் ஆகாது. குற்றச்சாட்டே இதுதான்.

ஆண் வழிக்கு நினைவு எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதற்கு ஒரு சான்று. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹெகெசிப்பஸ் சொன்னதை, நான்காம் நூற்றாண்டில் யூசிபியஸ் தன் திருச்சபை வரலாற்றில் எடுத்தெழுதுகிறார். இயேசுவின் சகோதரர் யூதாவின் பேரன்கள், தாவீதின் வம்சத்தார் என்பதற்காக, பேரரசர் தொமீசியன் முன் நிறுத்தப்பட்டார்கள். தங்களிடம் 39 பிளெத்ரா நிலம் மட்டுமே உண்டு, அதன் மதிப்பு 9000 தெனாரி என்றார்கள். உழைத்துக் காய்த்துப்போன கைகளைக் காட்டினார்கள். பேரரசர் அவர்களை அற்பமானவர்கள் என்று விட்டுவிட்டார். நிலத்தின் அளவு நமக்குத் தெரியும். விலை தெரியும். உள்ளங்கைக் காய்ப்பு தெரியும். அதே வீட்டின் பெண்களுடைய கைகளும் திருகைக்கல் பிடித்துக் காய்த்திருக்கும். அவற்றைக் காட்டச் சொல்லி எந்த அரசனும் அழைக்கவில்லை, எந்த ஆசிரியரும் எழுதவில்லை.

சகோதரிகளைக் கைப்பிரதிகளும் உறுதியாகப் பிடித்து வைத்திருக்கவில்லை. மாற்கு 3ஆம் அதிகாரத்தில், இயேசுவின் வீட்டார் வெளியே நின்று அவரைத் தேடுகிறார்கள். தாயும் சகோதரர்களும் என்று சில பழைய பிரதிகள் நிறுத்திக்கொள்கின்றன. வேறு சில பழைய பிரதிகளில் சகோதரிகளும் இருக்கிறார்கள். எது மூலம் என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் இயேசு சொல்லும் பதிலில் எந்தக் குழப்பமும் இல்லை. கடவுளின் விருப்பப்படி நடப்பவரே எனக்குச் சகோதரர், சகோதரி, தாய் என்கிறார். கேள்வி கேட்டவர்கள் மறந்திருந்தாலும், பதில் சொன்னவர் சகோதரியை மறக்கவில்லை.

இனி அந்தச் சண்டைக்கு வருவோம். கி.பி. 383 வாக்கில் உரோமையில் ஹெல்விடியஸ் என்பவர் ஒரு நூல் எழுதினார். இயேசுவை மரியாவின் தலைப்பேறு என்று லூக்கா சொல்கிறார். பிள்ளை பெறும்வரை யோசேப்பு அவளோடு கூடவில்லை என்று மத்தேயு சொல்கிறார். ஆகவே அதன் பிறகு இருவரும் எல்லாத் தம்பதிகளையும்போல் வாழ்ந்து பிள்ளைகள் பெற்றார்கள் என்பது அவர் வாதம். அவர் நூல் நமக்குக் கிடைக்கவில்லை. அதை மறுத்து ஜெரோம் எழுதியது மட்டும் கிடைக்கிறது. தோற்றவரின் குரலை வென்றவரின் வாய் வழியாகவே கேட்க வேண்டியிருக்கிறது. பெண்களுக்கு இது பழகிய நிலைமை. ஹெல்விடியஸ் மரியாவை இழிவுபடுத்த வந்தவரும் அல்லர். மணவாழ்வு கன்னிமைக்குத் தாழ்ந்ததல்ல, பிள்ளை பெறுவது ஒரு பெண்ணைச் சிறுமைப்படுத்தாது என்பது அவர் வாதத்தின் அடிப்படை. அவர் சொல்வது சரியென்றால் அந்தச் சிறுமியின் கேள்விக்கு விடை எளிது: தங்கைகள்.

இரண்டாவது விடை கிழக்கத்தியத் திருச்சபைகளுடையது. நான்காம் நூற்றாண்டில் சைப்ரஸ் ஆயர் எப்பிபானியஸ் அதை வலியுறுத்தினார். யோசேப்பு மனைவியை இழந்த முதியவர், அந்த நான்கு மகன்களும் மகள்களும் முதல் மனைவிக்குப் பிறந்தவர்கள் என்பது அது. அப்படியென்றால் அக்காக்கள். இந்த விடையின் விலை என்னவென்று பாருங்கள். நற்செய்திகளில் எங்குமே இல்லாத ஒரு பெண்ணை இதற்காக வரவழைக்க வேண்டியிருக்கிறது. அவள் ஆறு பிள்ளைகளாவது பெற வேண்டும். பெற்று முடித்ததும் சரியான நேரத்தில் செத்துப்போகவும் வேண்டும். ஒருத்தியின் கன்னிமையைக் காப்பதற்கு இன்னொருத்தியின் பிரசவங்களும் மரணமும் தேவைப்பட்டிருக்கின்றன. அவளுக்காகத் திருநாள் வேண்டாம், ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியவர் உண்டா?

எப்பிபானியஸ் சகோதரிகளுக்குப் பெயரும் தருகிறார் என்று சிலர் நினைவூட்டுவார்கள். உண்மைதான். ஓரிடத்தில் மரியா, சலோமே என்கிறார்; இன்னோரிடத்தில் அன்னா, சலோமே என்கிறார். வேறொரு பழங்கதை முற்றிலும் வேறு பெயர்களைச் சொல்கிறது. யூத வரலாற்றாய்வாளர் தல் இலான் அந்தக் காலத்துப் பாலஸ்தீன யூதப் பெயர்களைத் தொகுத்தபோது, பெயர் தெரிந்த பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மரியா அல்லது சலோமே என்ற பெயரின் வடிவங்களையே தாங்கியிருந்தார்கள் என்று கண்டார். அதாவது அந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் ஒட்டிவிடக்கூடிய பெயர்களையே எடுத்து இவர்களுக்கும் ஒட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது விடை ஜெரோமுடையது. மேற்கத்தியத் திருச்சபையில் நிலைத்தது இதுதான். சகோதரர் என்றால் நெருங்கிய உறவினர். யாக்கோபும் யோசேயும் மரியாவின் சகோதரியான இன்னொரு மரியாவின் மகன்கள் என்றார் அவர். தமிழர்களுக்கு இந்த வாதம் வேறு யாரையும்விட எளிதாகப் புரியும் என்பதை மறைக்க மாட்டேன். அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சித்தி. அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை. நம் வீட்டில் யாரும் அவர்களை வேறு பெயரிட்டு அழைப்பதில்லை. எபிரேய, அரமேய வழக்கும் அப்படித்தான் என்றே ஜெரோம் தரப்பினர் வாதிட்டார்கள்.

ஆனால் நற்செய்திகள் எழுதப்பட்டது கிரேக்கத்தில். கிரேக்கத்தில் பெரியம்மா மகனுக்குத் தனிச்சொல் உண்டு. கொலோசெயர் மடல் மாற்குவைப் பர்னபாவின் உறவினர் என்று சொல்லும்போது அந்தத் தனிச்சொல்லையே பயன்படுத்துகிறது. ஹெகெசிப்பஸ் யாக்கோபை ஆண்டவரின் சகோதரர் என்கிறார். குளோப்பாவின் மகன் சிமியோனைச் சொல்ல அந்த மற்றச் சொல்லை எடுக்கிறார். வேறுபாடு தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். கத்தோலிக்கக் குருவான ஜான் மெய்யர், 1991இல் வெளியான தன் ஆய்வின் முதல் தொகுதியில், வரலாற்றாய்வாளராக மட்டும் நின்று பார்த்தால் இவர்கள் உடன்பிறந்தவர்கள் என்பதே மிகவும் பொருந்துகிறது என்ற முடிவுக்கு வந்தார். இதைத் திருச்சபைக்கு வெளியே நிற்பவர்கள் கிளப்பிய வம்பு என்று ஒதுக்க முடியாது.

மூன்று விடைகளில் எது சரி என்பதைவிட, மூன்றும் எதற்காகச் சொல்லப்பட்டன என்பதே எனக்கு முக்கியம். மூவரும் சகோதரர்களை வைத்துத்தான் வாதாடினார்கள். யாக்கோபு யார் மகன், யோசே யார் மகன் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலைப் புரட்டுங்கள், 500ஆம் பத்தி. இயேசுவுக்குச் சகோதர சகோதரிகள் இருந்ததாக விவிலியம் சொல்கிறதே என்ற ஆட்சேபத்தை அது எடுத்துக்கொள்கிறது. பதிலாக, யாக்கோபும் யோசேப்பும் வேறொரு மரியாவின் மகன்கள் என்கிறது. ஆட்சேபத்தில் இருந்த சகோதரிகள் பதிலில் இல்லை. அவர்கள் யாருடைய மகள்கள் என்று விளக்க வேண்டிய தேவைகூட எழவில்லை. ஒரு கோட்பாட்டுக்கு இடையூறாக இருக்கும் தகுதிகூட அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

கேள்வி கருப்பைக்குள் போனதும் என்ன நடக்கும் என்பதை இரண்டாம் நூற்றாண்டிலேயே ஒரு நூல் காட்டிவிட்டது. யாக்கோபின் முதல் நற்செய்தி என்று அதைச் சொல்வார்கள். விவிலியத்தில் சேர்க்கப்படவில்லை. யோசேப்பு மனைவியை இழந்தவர் என்ற கதை அதில்தான் வருகிறது. மரியாவின் பெற்றோர் சுவக்கின், அன்னா என்ற பெயர்களும் அங்கிருந்தே நமக்கு வந்தன. மரியா பிறந்த கதையும் நான்கு நற்செய்திகளில் இல்லை, இதில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 8இல் வேளாங்கண்ணியில் இலட்சக்கணக்கானோர் கூடுவது மரியாவின் பிறப்பு விழாவுக்குத்தான். ஒதுக்கப்பட்ட நூல் என்றாலும் நம் கடற்கரை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த நூலில் ஒரு காட்சி. மரியா பிள்ளை பெற்றிருக்கிறாள். கன்னி பிள்ளை பெற்றாள் என்று கேள்விப்பட்ட சலோமே என்ற பெண், விரல் வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்கிறாள். சோதிக்கிறாள். உடனே அவள் கை வெந்து போகிறது. பிறகு குழந்தையைத் தூக்கியதும் குணமாகிறது. இதை விசுவாசக் கதையாக வாசித்துப் பழகியிருக்கிறோம். ஒரு நிமிடம் நிறுத்தி, அங்கே இருக்கும் இரண்டு பெண்களைப் பாருங்கள். ஒருத்தி சற்று முன்தான் பிரசவித்தவள். அவள் உடல் சான்றாக்கப்படுகிறது. இன்னொருத்தி சோதிக்க அனுப்பப்பட்டவள். அவள் உடல் தண்டிக்கப்படுகிறது. இந்தச் சான்று யாருக்குத் தேவைப்பட்டது? அந்தக் குகையில் இருந்த எந்தப் பெண்ணுக்கும் அல்ல, கதையை எழுதியவருக்கு. பெண்ணின் நேர்மையை விரலால் அளக்கும் எண்ணம் பழங்கதையோடு போய்விடவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இரு விரல் பரிசோதனை செய்பவர்களை முறைகேட்டுக் குற்றவாளிகளாகக் கருத வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது 2022 அக்டோபரில்.

ஜெரோம் எழுதியதையும் கொஞ்சம் பார்ப்போம். ஹெல்விடியஸுக்கு எதிரான நூலின் முடிவுப் பகுதியில் மணமான பெண்ணின் ஒரு நாளை வருணிக்கிறார். கண்ணாடி முன் முகப்பூச்சு, குழந்தைகளின் கூச்சல், சமையல் ஆட்கள், நெசவுக்காரர்கள், வீட்டுக் கணக்கு. இவ்வளவுக்கு நடுவே கடவுளை நினைக்க நேரம் எங்கே என்பது அவர் கேள்வி. அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லி ஒரு கணவனிடமும் அவர் கேட்கவில்லை. பாரத்தைக் காட்டி, பாரம் சுமப்பவளையே தாழ்ந்தவள் என்றார். அடுத்த ஆண்டு, 384இல், அவருடைய மாணவியான பவுலாவின் மகள் பிளெசில்லா இறந்தாள். கணவனை இழந்தவள், இருபது வயது. கடும் நோன்பும் தவமும் மேற்கொண்டு சில மாதங்களில் போய்விட்டாள். உரோமை மக்கள் துறவிகள்மீது கோபம் கொண்டார்கள். ஜெரோம் பவுலாவுக்கு எழுதிய கடிதத்தில், மகளுக்காக அளவு மீறி அழுவது தகாது என்று கடிந்துகொண்டார். கன்னிமையின் புகழ் பாடியவருக்குத் தாயின் கண்ணீர் இடைஞ்சலாக இருந்தது.

இங்கே என் தோழிகள் சிலரே குறுக்கிடுவார்கள். கன்னிமை அந்தப் பெண்களுக்கு ஒரு விடுதலையும் அல்லவா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தந்தை பார்த்து வைத்தவனை மணந்து, ஆண்டுக்கொரு பிள்ளை பெற்று, பேறுகாலத்தில் சாவது தவிர வேறு வழியில்லாத உலகில், துறவு ஒரு கதவைத் திறந்தது. பவுலா எபிரேயம் கற்றார். மார்செல்லா விவிலியத்தில் ஜெரோமிடமே குறுக்குக் கேள்வி கேட்டார். பெத்லகேமில் பவுலா மடங்கள் கட்டினார். நம் ஊர்களிலும் பெண்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தியவர்களில் எத்தனையோ பேர் கன்னியர். அவர்கள் தேர்ந்த வாழ்வை நான் மதிக்கிறேன். நான் எதிர்ப்பது தேர்வை அல்ல, படிநிலையை. கன்னி மேலே, விதவை நடுவே, மனைவி கீழே என்ற ஏணியை. ஹெல்விடியஸுக்குப் பத்தாண்டு கழித்து ஜோவினியன் என்ற துறவி, திருமுழுக்குப் பெற்ற கன்னியும் விதவையும் மனைவியும் ஒரே தகுதியுடையவர்கள் என்று எழுதினார். அவரைத் திருச்சபை கண்டனம் செய்தது. அவர் மறுத்தது கன்னிமையை அல்லவே, அவரே மணமாகாதவர். ஏணியைச் சாய்க்கப் பார்த்தார், அதுதான் குற்றம்.

சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்தவர்கள் இதுவரை படித்துவிட்டு, நல்லவேளை, இது எங்கள் சிக்கல் இல்லை என்று நினைத்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். லூத்தரும் ஸ்விங்லியும் மரியாவை முப்பொழுதும் கன்னி என்றே கொண்டார்கள். பின்னால் வந்த சபைகள் அதைக் கைவிட்டு, அந்த நால்வரும் மரியாவின் வயிற்றில் பிறந்தவர்கள்தான் என்று தாராளமாகப் பிரசங்கிக்கின்றன. வாதத்தில் வென்றார்கள். வென்ற பிறகு மகள்களுக்கு என்ன செய்தார்கள்? யாக்கோபின் பெயரில் இருக்கும் நிருபத்துக்கும் யூதாவின் பெயரில் இருக்கும் நிருபத்துக்கும் எத்தனையோ பிரசங்கங்கள் உண்டு. இயேசுவின் தங்கைகளைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டதாக உங்களில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? மாதா பக்தியை அடிப்பதற்கு ஒரு தடியாக மாற்கு 6:3 பயன்பட்டது. அடித்து முடித்ததும் தடியைக் கீழே போட்டுவிட்டார்கள். அந்த வசனத்தின் கடைசி வாக்கியத்தில் நிற்கும் பெண்களை இரண்டு தரப்பும் ஒன்றுபோலத் தாண்டிப் போயின. கருப்பையைப் பூட்டி வைத்தவர்களும் அதைத் திறந்து காட்டியவர்களும் அதற்குள்ளிருந்து பிறந்த மகளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சான்றே இல்லாத இடத்தில் என்ன வரலாறு எழுதுவது என்று கேட்கலாம். கற்பனையாகப் பெயர் சூட்டச் சொல்லவில்லை. எப்பிபானியஸ் அதைச் செய்து காட்டிவிட்டார். கேள்வியை மாற்றச் சொல்கிறேன். ‘மரியா கன்னியாக இருந்தாளா’ என்ற கேள்வியை எந்த ஆவணத்தாலும் தீர்க்க முடியாது. ‘நாசரேத்தில் மணமான பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள்’ என்ற கேள்விக்குத் தேடத் தேடப் பதில் கிடைக்கும். கல்லில் குடைந்த தானியக் குழிகளும் திராட்சை ஆலையும் அங்கே தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. நடந்து போகும் தூரத்தில் ஏரோது அந்திப்பா செப்போரிஸ் நகரைப் புதுப்பித்துக் கட்டினான். அந்த நகரின் வரியும் கூலியும் சுற்றியிருந்த வீடுகளைத் தொட்டன. கி.பி. 67இல் உரோமைப் படை கலிலேயாவுக்குள் நுழைந்தது. நாசரேத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த யாப்பா ஊரில் 15,000 பேர் கொல்லப்பட்டதாகவும் 2130 பேர் சிறைபிடிக்கப்பட்டதாகவும் ஜோசிபஸ் எழுதுகிறார். அவர் கணக்குகள் பெரும்பாலும் மிகை. ஆனால் ஆண்களைக் கொன்று பெண்களையும் கைக்குழந்தைகளையும் பிடித்துப்போனார்கள் என்று அவர் சொல்வது அன்றைய போர் வழக்கம். அப்போது இயேசுவின் சகோதரிகள் உயிரோடு இருந்திருந்தால் கிழவிகள். அவர்கள் மகள்களும் பேத்திகளும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்திருப்பார்கள். மீட்பரின் குடும்பத்துப் பெண்களில் யாராவது அடிமைச் சந்தையில் விற்கப்பட்டார்களா என்ற கேள்வியை எந்த இறையியல் நூலும் எழுப்பி நான் கண்டதில்லை. விடை கிடைக்காமல் போகலாம். கேட்கவே தோன்றாமல் போனதற்கு ஆவணப் பஞ்சம் காரணமல்ல.

எலிசபெத் ஷுஸ்லர் ஃபியோரென்ஸா 1983இல் வெளியிட்ட நூலுக்கு, இயேசுவின் தலையில் தைலம் ஊற்றிய பெண்ணைக் குறிக்கும் சொற்களையே தலைப்பாக்கினார். அவள் செய்தது அவள் நினைவாக உலகெங்கும் சொல்லப்படும் என்று இயேசு வாக்களித்ததாக மாற்கு எழுதுகிறார். எழுதியவர் அவள் பெயரை மட்டும் எழுதவில்லை. பெண்ணிய இறையியல் அந்த முரணிலிருந்துதான் புறப்பட்டது. அதற்குப் பிறகு மகதலா மரியாவைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. 591இல் பாப்பரசர் கிரகோரி அவள்மீது சுமத்திய பாவிப் பட்டம் இன்று எடுபடுவதில்லை. 2016இல் அவள் நினைவு நாள் திருத்தூதர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனாலும் சீடத்தியையும் தாயையும் மீட்டெடுத்த நாம், சும்மா வீட்டில் இருந்த சகோதரியை இன்னும் எட்டவில்லை. அவள் காட்சி கண்டவள் அல்லள், கல்லறைக்கு ஓடியதாகத் தெரியவில்லை, அற்புதம் எதுவும் அவளுக்கு நடக்கவில்லை. பெரும்பாலான பெண்களின் வாழ்வும் அப்படித்தானே?

நம் வீடுகளில் மாட்டியிருக்கும் வம்சாவளிப் படங்களில் மகன்களுக்குக் கிளை வரைவார்கள். மகள் கல்யாணமாகிப் போனதும் அந்தக் கோடு நின்றுவிடும். புனிதம் என்று சொல்லப்படும் குடும்பத்தின் படமும் அப்படியே இருந்தால், நம் வீட்டுப் படத்தைத் திருத்தச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அதனால் கேட்கிறேன். இறையியல் கல்லூரிகளில் மாற்கு 6:3ஐ நடத்தும்போது ஒரு மணி நேரத்தை அந்தக் கடைசி வாக்கியத்துக்குக் கொடுங்கள். கிறிஸ்துமஸ் குடிலில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் இடம் வைப்பவர்கள், நாசரேத்து வீட்டைப் படம் வரையும்போது தாய், தந்தை, ஒரு மகன் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மறைக்கல்வி வகுப்பில் அந்தச் சிறுமி எழுந்து கேட்டால், உட்கார் என்று சொல்லாதீர்கள். அக்காவா தங்கையா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அவர்கள் இருந்தார்கள் என்பதில் வேறுபாடு இல்லை, அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஏன் எழுதவில்லை என்று அவள் அடுத்து கேட்பாள். அந்தக் கேள்வியிலிருந்து அவள் இறையியல் தொடங்கட்டும்.